வராத ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓகே

போன செவ்வாய்க்கிழமை ஒரு டாக்டரிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன்.

எனக்கு அறுபத்தேழு வயது. அந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான், பக்கத்து நாற்காலியில் என் மனைவி கௌரம்மா. நான் நீட்டிய காகிதத்தை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா தூங்கறீங்களா சார்?"

"பிரமாதமா தூங்கறேங்க."

"பயம்?"

"அதெல்லாம் போன இடம் தெரியலை."

"சரி... வர்ற ஞாயித்துக்கிழமையும் நல்லா தூங்குவீங்கன்னு போட்டிருக்கீங்களே. அது எப்படி சார் தெரியும்?"

குனிந்து பார்த்தேன். இன்னும் வராத புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு — அத்தனை நாளுக்கும் 'ஓகே' போட்டு வைத்திருந்தேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு பத்தி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு மாற்றுச் சட்டையோடு ஓசூருக்கு பஸ் ஏறியவன். மூக்கண்டப்பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பழைய லேத் ஒன்றைப் போட்டு ஆரம்பித்தேன். இன்று கம்ப்யூட்டரில் இயங்கும் பதினான்கு சிஎன்சி மெஷின் ஓடுகிறது. என்ஜினியரிங் படித்தவர்கள் எனக்கு குட்மார்னிங் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஒருவர் என் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார் — கருவி வைக்காமல், பீஸைத் தடவியே அளவு சொல்கிறான் என்பதற்காக. தற்பெருமைதான். நான் சம்பாதித்த பெருமையை நான் பேசாமல் யார் பேசுவது?

அப்படிப்பட்டவன், ஒரு காகிதத்தில் திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டேன்.

ஆறு மாதத்துக்கு முன் எனக்கு நுரையீரலில் கிருமி வந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரி. பதினோரு நாள் வெண்டிலேட்டர். பிழைக்க மாட்டேன் என்று உறவுக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். பிழைத்தேன். திரும்பி வந்ததும் இதே பக்கத்தில் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? 'எமனையே ஷிஃப்ட் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தேன்' என்று எழுதினேன். எத்தனை பேர் போன் செய்து பாராட்டினீர்கள்...

பொய்ங்க அது.

வெண்டிலேட்டர் சத்தம் எப்படியிருக்கும் தெரியுமா? புஸ்ஸ்... ஒரு இடைவெளி... புஸ்ஸ். கண்ணைத் திறக்க முடியாமல் அதை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இடைவெளி கொஞ்சம் நீண்டால் போதும், அவ்வளவுதான் நம் கதை என்று தோன்றும்.

இப்போது எங்கள் கம்பெனிக்கு வாருங்கள். சிஎன்சி மெஷினில் ஒவ்வொரு பீஸ் முடிந்ததும், அதைக் கவ்விப் பிடித்திருக்கும் சக் திறக்கும். காற்று வெளியேறும். புஸ்ஸ். பதினான்கு மெஷின். முப்பது வருஷமாக என் காதுக்குச் சங்கீதமாக இருந்த சத்தம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் நாள் உள்ளே போனேன். மாலை போட்டார்கள். மூன்றாவது மெஷினைத் தாண்டவில்லை, யாரோ கழுத்தை நெரிப்பது போல மூச்சு நின்றது. கழிவறைக்குப் போய்த் தாழ்போட்டு, மாலையோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இதயத்தில் கோளாறு என்றால் ஊருக்குச் சொல்லலாம். பயம் என்று யாரிடம் சொல்வது?

அப்படித்தான் இந்த டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தோம். கோலார் பக்கத்துக்காரர். வாரத்தில் இரண்டு நாள் ஓசூரில் பார்க்கிறார். பெரிய நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு இப்படி பயம் பிடிப்பது உண்டு என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதம் சாப்பிட்டேன். பாதிதான் கேட்டது. போன மாதம் அளவை இரண்டு மடங்காக ஏற்றினார்.

அங்கேதான் நான் உடைந்தேன்.

மோட்டார் ஓட்டுகிறவனுக்குத் தெரியும் — அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக கரண்ட் இழுக்கிறது என்றால் உள்ளே ஏதோ போய்விட்டது என்று அர்த்தம். பேரிங் போயிருக்கும், காயில் கம்பி எரிந்திருக்கும். ஆம்பியர் முள் ஏற ஏற அந்த மோட்டார் கழிக்க வேண்டிய மோட்டார். எனக்கு முள் ஏறிவிட்டது. டாக்டர் எவ்வளவோ சொன்னார். "அப்படி இல்லை சார், உங்க உடம்புக்கு எது அளவோ அதைத் தேடறோம். முதல் ரெண்டு மூணு வாரம் கஷ்டமா இருக்கலாம். பயமே கூட கொஞ்சம் ஏறிட்டுத்தான் இறங்கும். நீங்களா குறைக்காதீங்க, நிறுத்தாதீங்க. என்ன ஆகுதுன்னு தினம் எழுதிட்டு வாங்க."

அதற்குத்தான் அந்தக் காகிதம். ஐந்து வாரத்துக்குக் கட்டம் போட்டது. தூக்கம், பயம், கை நடுக்கம், வயிறு, மனசு — நாளொன்றுக்கு ஐந்து கட்டம். தொந்தரவு இருந்தால் என்னவென்று எழுத வேண்டும். இல்லையென்றால் 'ஓகே'.

எங்கள் கம்பெனியிலும் ஒவ்வொரு மெஷினிலும் அதே மாதிரி ஒரு காகிதம் தொங்கும். செக் ஷீட். ஆயில் லெவல், காற்றழுத்தம், பெல்ட், கதவு. காலையில் மெஷினைப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாள் ஒரே பேனாவில் ஒரு மாதத்துக்கான டிக் விழும் என்று. எல்லா டிக்கும் ஒரே சாய்மானத்தில், வரிசையாக...

மூன்று வருஷத்துக்கு முன் என் மெஷின் ஒன்று சத்தம் போட்டு நின்றது. ஆயில் இல்லாமல் பேரிங் பிடித்துவிட்டது. செக் ஷீட்டைக் கிழித்து வரச் சொன்னேன். அன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை வரைக்கும் 'ஆயில் ஓகே' என்றிருந்தது. ஆபரேட்டர் சீனிவாசன். சிங்காரப்பேட்டைக்காரன், என்னிடம் ஒன்பது வருஷம். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்து அந்தக் காகிதத்தைப் படித்தேன்.

"சனிக்கிழமை எப்படிய்யா இருக்கும்னு வியாழக்கிழமையே தெரிஞ்சு போச்சா உனக்கு? ஜோசியம் பார்க்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"லீக் இருக்கறது தெரியும் சார். திங்கக்கிழமையே பார்த்தேன். நாட் ஓகேன்னு போட்டா நீங்க வந்து கத்துவீங்கன்னு பயந்துக்கினே நாள ஓட்டிட்டேன்."

"பயப்படறவனுக்கு இங்க வேலை இல்ல" என்றேன். அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டேன். அப்போது அந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

போன திங்கட்கிழமை மதியம், மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டுமே என்று ஹால் மேஜையில் அந்தக் கட்டக் காகிதத்தை விரித்தேன். அதுவரை ஒரு கட்டம்கூட நிரப்பவில்லை. பேனாவைத் திறந்தேன். ஓகே, ஓகே, ஓகே... மேலிருந்து கீழே. கை நடுக்கம் என்ற கட்டத்தில்கூட நடுங்கும் கையால் ஓகே. ஐந்து நிமிடத்தில் ஐந்து வாரம். வேகத்தில் ஞாயிறு வரை போய்விட்டேன்.

ஏன் செய்தேன்? 'நீங்க குணமாயிட்டீங்க, கம்பெனிக்குப் போங்க' என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். முள் இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன், கோபம் எனக்குப் பழக்கம். கௌரம்மா பக்கம் திரும்பி, "வீட்டுல எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

கௌரம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். பின்பக்கம் முழுக்கப் பேனாவில் எழுத்து. கன்னடம்.

அவள் தளிப் பக்கம். கன்னடப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எங்கள் வீட்டில் பேச்சு தமிழும் கன்னடமும் கலந்துதான் ஓடும். ஆனால் கன்னடம் எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது. கடந்த ஒரு மாதமாக அவள் தினமும் சாப்பாட்டு மேஜையில், என் எதிரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஏதோ சமையல் குறிப்பு என்று நினைத்தேன். கேட்கவும் இல்லை.

டாக்டர் முதல் தாளைப் படித்தார். "இதை அவருக்குச் சொல்லலாமாம்மா?" என்றார்.

"சொல்லுங்க. நான் சொன்னா சண்டை ஆயிடும்."

டாக்டர் கன்னடத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"மாத்திரை ஏத்தின மூணாவது நாள். ஓயாம கொட்டாவி விடறார். டம்ளர் கையில ஆடுது. இனிமே காபி பாதிதான் ஊத்தணும், சிந்தினா அவமானப்படுவார்."

அந்த வாரம் நான் 'என்ன இது, இந்த வீட்டில் எனக்கு அரை டம்ளர் காபிதானா?' என்று கத்தியிருந்தேன். பால் திரிந்துவிட்டது என்றாள். தினமுமா பால் திரியும்?

"குக்கர்ல காத்து போறப்ப எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டார். நெத்தியெல்லாம் வேர்வை. குக்கரை எடுத்து மேல வெச்சுட்டேன்."

வடித்த சோற்றுக்கு ருசியே தனி என்று அவளைப் பாராட்டியிருந்தேன். ஒரு மாதமாக அவள் ஏன் பானையில் வடிக்கிறாள் என்று யோசிக்கவில்லை.

டாக்டர் நாலைந்து தாள்களைத் தள்ளினார். "இது நிறைய தடவை வருது" என்றார்.

"சட்டையில ஆயில் வாசனை இல்லை. இன்னிக்கும் உள்ள போகலை."

நான் தினமும் ஒன்பது மணிக்கு 'கம்பெனிக்குப் போறேன்' என்று காரை எடுப்பேன். கேட்டுக்கு முந்தின திருப்பத்தில், புங்கமரத்தடியில் நிறுத்திவிடுவேன். போனிலேயே சூப்பர்வைசரை விரட்டுவேன். சாயங்காலம் திரும்பிவிடுவேன். ஆபீஸ் ரூமுக்குள்ளாவது போயிருக்கலாமே என்பீர்கள். முடியாது. மெஷின் வரிசையைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போக முடியும். நான் போட்ட பிளான் அது — முதலாளி ஒவ்வொரு மெஷினையும் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று.

யாருக்கும் தெரியாது என்றிருந்தேன். மெஷினில் பீஸின் சூடு தணிய ஊற்றும் கூலண்ட் ஆயிலுக்கு ஒரு நாற்றம் உண்டு. உள்ளே போய் ஐந்து நிமிடம் நின்றாலே சட்டையில் ஏறிவிடும். முப்பது வருஷம் என் சட்டையை அலசியவளுக்கு அது தெரியாதா?

பயப்படுகிறவனுக்கு இங்கே வேலை இல்லை என்றேனே... இப்போது அந்த கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவன் நான்தான்.

டாக்டர் அடுத்த தாளை எடுத்தார். படித்தார். என் கட்டக் காகிதத்தை எடுத்து ஏதோ ஒரு நாளைத் தேடினார். விரல் ஒரு வரிசையில் நின்றது. கௌரம்மா எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

இரண்டாவது வாரத்துச் சனிக்கிழமை. கௌரம்மாவின் தம்பி நாகராஜ் இறந்துபோன நாள்.

அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். எனக்கு மச்சான் மட்டுமில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் ஐசியூ வாசலில் துண்டை விரித்துப் படுத்திருந்தவன். என்னை பாவா என்றுதான் கூப்பிடுவான். 'பாவாவுக்கு ஒண்ணும் ஆகாது' என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

தளிக்குப் போனோம். கௌரம்மா அவன் மேல் விழுந்து அழுதாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. துக்கம்கூட வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. கொட்டாவி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த நாளுக்கு நேரே ஐந்து கட்டத்திலும் ஓகே. மனசு — ஓகே.

நான் தேதியைப் பார்த்து எழுதவில்லை என்று சத்தியம் செய்யலாம். உண்மையும் அதுதான். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது? உன் தம்பி செத்த நாளைக்கூட நான் பார்க்கவில்லை என்றா?

"அவ என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "நாகு போயிட்டான். இவர் அழலை. என் பக்கத்துலயும் வரலை. கோபமா இருந்துச்சு. அப்புறம், இது மாத்திரையா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சுக்கிட்டாத்தான் என்னால வீட்டுக்கு வர முடியும்."

கௌரம்மா பையின் ஜிப்பை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

டாக்டர்தான் பேசினார். "மாத்திரையா இருக்கலாம் சார். சிலருக்கு மனசு மரத்துப் போற மாதிரி ஆகும். அதிர்ச்சியாவும் இருக்கலாம். நீங்க அன்னிக்கே எழுதி, ஒரு போன் பண்ணியிருந்தா பார்த்திருக்கலாம். இந்த ஓகேயை நம்பியிருந்தா, கம்பெனிக்குப் போங்கன்னு இன்னிக்கு நானே சொல்லியிருப்பேன்."

அளவை இப்போதைக்கு மாற்ற வேண்டாம், நடுக்கம் குறைந்துகொண்டுதான் வருகிறது என்று கௌரம்மாவின் தாள்களே சொல்கின்றன என்றார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார், மரத்த மனசு அப்படியே இருந்தால் மாற்றிப் பார்க்கலாம் என்றார். புதுக் கட்டக் காகிதம் கொடுத்தார்.

"பழசையும் குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு அந்தப் பழைய காகிதத்தை மேஜையில் விரித்தேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. நான் போட்டதுதான். தப்பாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. வெள்ளை மை தடவக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் தப்பு தெரிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில், சரிபார்த்தவர் கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமையில் மனசு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். மேலே எழுதினேன். இடம் போதவில்லை, ஓரத்துக்கு ஓடியது. 'நாகராஜ் இறந்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கௌரம்மா அழுதாள். பக்கத்தில் போகவில்லை.' என் எழுத்து எப்போதும் கோணல். இப்போது நடுக்கமும் சேர்ந்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

காகிதத்தை அவள் பக்கம் திருப்பினேன். தமிழை அவள் பஸ் போர்டு படிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். உதடு அசைய அசைய, விரல் வைத்துப் படித்தாள். ரொம்ப நேரம் ஆனது.

"இங்க நான் எதுக்கு கையெழுத்துப் போடணும்?"

"பார்த்தவங்க போடணும். நீதானே பார்த்தே."

பேனாவை வாங்கினாள். கௌரம்மா என்று கன்னடத்தில் போட்டாள். அந்த மொழியில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அது. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தம்பி போன நாளுக்குப் பிறகு நான் பார்க்க அவள் அழுதது அன்றுதான்.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அது என்னால் முடிந்தது.

கம்பெனிக்குள் இன்னும் போகவில்லை. இந்த வாரம் புங்கமரத்தைத் தாண்டி கேட் வரைக்கும் போனேன். சட்டையில் வாசனை இல்லை. ஒரு துளி ஆயிலைத் தடவிக்கொண்டு போனால் என்ன என்றுகூட ஒரு யோசனை வந்தது... செய்யவில்லை. சாயங்காலம் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, "இன்னிக்கும் போகலை" என்றேன்.

"தெரியும். கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

சீனிவாசன் நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திங்கட்கிழமையே லீக்கைப் பார்த்தவன் அவன். அதைச் சொல்ல முடியாதபடி வைத்திருந்தவன் நான். ஓகே போடுகிறவனைச் சோம்பேறி என்றே முப்பது வருஷம் நினைத்திருந்தேன்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கௌரம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அரை டம்ளர்.

அளவு சரியாக இருந்தது.